பதினொன்றாவது சத்தம்

எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரின் தோலுறையைத் திறந்தால் முதலில் வருவது பாட்டு அல்ல, வாசனை. சூடேறிய ரப்பர், கோடாலித் தைலம், வாப்பாவின் பெட்டிக்குள் அதனோடு சேர்ந்து கடல் கடந்து வந்த சோப்பு, மூன்றும் கலந்த அந்த வாசனைக்கு எங்கள் கீழக்கரைத் தெருவில் "சபுராளி வாசம்" என்று பெயர். அதாவது வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்குப் போய்வருகிறவர் வீட்டு வாசம். தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் அந்த வாசம் இருந்தது, ஆண்கள்தாம் இல்லை. மூக்கை வைத்துப் பார்த்தால் தெரு முழுக்க வாப்பாக்கள். கண்ணை வைத்துப் பார்த்தால் பெண்கள், பிள்ளைகள், ஆடுகள்.

என் வாப்பா சவுதியில், தமாமில் ஒரு கம்பெனி கேம்ப்பில் சமையல்காரர். கடிதமும் எழுதுவார், ஆனால் அவர் கடிதம் மளிகைச் சீட்டு மாதிரி இருக்கும்: நலம், நலமறிய ஆவல், மழை உண்டா, பல்வலி எப்படி. பேசச் சொன்னால் வேறு ஆள். ஆகவே கேசட். அங்கே அவர் பேசிப் பதிந்து ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். நாங்கள் கேட்டு முடித்து, அதே கேசட்டில் அவர் பேச்சின் மேலேயே எங்கள் பேச்சைப் பதிந்து, ஊரிலிருந்து போகிற யாரிடமாவது தொதல், ஓட்டுமா, பொரித்த மீன் டப்பாவோடு கொடுத்தனுப்புவோம். அவர் அதைக் கேட்டு எங்கள் மேல் பேசி அனுப்புவார். இப்படி ஒருவரை ஒருவர் அழித்துக்கொண்டே நாங்கள் மூன்று வருடம் குடும்பம் நடத்தினோம்.

இரண்டு கேசட் இருந்ததுதான். ஒன்றின் நாடாவைத் தம்பி உருவி முருங்கை மரத்துக்குத் தோரணம் கட்டிவிட்டான். இன்னொன்று வாங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். நானும் முப்பத்தைந்து வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கடைத்தெருவில் கேசட் கிடைக்காமல் இல்லை. ஆனால் உம்மாவுக்கு அதெல்லாம் வெறும் பிளாஸ்டிக். இதுதான் "அவுக கை பட்டது".

தூரம் என்பதைப் பற்றி எங்கள் தெருவுக்குத் தெளிவான ஒரு கருத்து இருந்தது. தூரம் கூடக்கூடச் சத்தம் கூட வேண்டும். சவுதிக்குப் பேசுவதென்றால் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். கேசட் பெட்டியில் படுத்துக்கொண்டு விமானத்தில் போகப்போகிறது, குரல் தனியாக நடந்து போகப்போவதில்லை என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு மரியம் மாமி தன் மகனுக்குப் பேசிப் பதியும்போது எங்கள் கிணற்றடியில் புறா எழும்பிப் பறக்கும். "ஏலே, கேக்குதா? ஏலே, கேக்குதாங்குறேன்!" என்று இயந்திரத்திடம் கேட்டுவிட்டு, பதில் வரட்டும் என்று கொஞ்சம் காத்தும் இருப்பார்.

என் உம்மா நேரெதிர். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, டேப் ரெக்கார்டருக்கு முதுகைக் காட்டாத குறையாக ஒருக்களித்து உட்கார்ந்து, "நாந்தான்" என்று ஆரம்பிப்பாள். அப்புறம் மழை இல்லை, கிணற்றுத் தண்ணீர் உப்பேறிவிட்டது, தம்பிக்குப் பல் விழுந்திருக்கிறது என்பதையெல்லாம் தரையிடம் சொல்வாள். அடுத்த கேசட்டில் வாப்பாவின் பதில் வரும்: "ஒன் கொரலே கேக்கல புள்ள. ஆடு கத்துறதுதான் தெளிவாக் கேக்குது. ஆடு நல்லாருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேன். நீ எப்புடி இருக்க?"

உம்மாவுக்கு அல்லா கொடுக்காத சத்தத்தையும் சேர்த்து எனக்குக் கொடுத்திருந்தான். தெருமுனையில் நின்று நான் "உம்மா" என்று கூப்பிட்டால் நாலு வீட்டு உம்மாக்கள் வெளியே வந்து பார்ப்பார்கள். "பொட்டப்புள்ள கொரலு நெலப்படியத் தாண்டக் கூடாதுடி!" என்று மரியம் மாமி கண்டிப்பார். அவர் கண்டித்தது மூன்று தெருவுக்குக் கேட்கும்.

கேசட் விஷயத்தில் உம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. அரிசிப் பானையைத் துடைத்து எடுக்கக் கூடாது, அடியில் ஒரு கைப்பிடி கிடக்க வேண்டும், அதன் மேல்தான் புது அரிசியைக் கொட்ட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வீடுகளில் யாரும் எழுதி வைக்காத சட்டம். உம்மா அதைக் கேசட்டுக்கும் கொண்டுபோனாள். இரண்டாவது பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நாடா மிச்சம் இருக்கும்போதே, "போதும், வாலு இருக்கட்டும்" என்று பொத்தானை அமுக்கிவிடுவாள். அந்த வாலில் வாப்பாவுடைய பேச்சின் முடிவு அழியாமல் கிடக்கும். அவர் எப்போதும் ஒரே மாதிரிதான் முடிப்பார். "சரி புள்ள, நாடா தீரப்போவுது. வேற ஒன்னுமில்ல." சொன்னவர் நிறுத்த மாட்டார். பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார் போல. ஏதோ மின்விசிறியின் இரைச்சலும் அவர் மூச்சும் மட்டும் கொஞ்ச நேரம் ஓடும். மறுபடியும், "வேற ஒன்னுமில்ல" என்பார். நாடா தீர்ந்து பொத்தான் தானாக "டக்" என்று எழும்பும்.

நாங்கள் பதிந்து முடித்ததற்கும் பயணக்காரர் புறப்படுவதற்கும் நடுவில் நாலு நாளோ ஒரு வாரமோ இருக்கும். அந்த நாட்களில் உம்மா மீன் அலசிக்கொண்டும் மாவு பிசைந்துகொண்டும் அந்த வாலை மட்டும் கேட்பாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, நாடாவைப் பின்னால் சுற்றி, மறுபடி கேட்பாள். ஒன்றுமில்லை என்று ஒருவர் சொல்வதை இத்தனை முறை கேட்க என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை. வாலோடு கேசட் தமாம் போய்ச் சேர்ந்ததும் வாப்பா சிரிப்பார்: "என் பேச்ச எனக்கே திருப்பி அனுப்பி வச்சிருக்கா பாரு." அது அவருக்குப் பிடித்திருந்தது என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரியும்.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது வந்த கேசட்டில் வாப்பா எனக்கென்று தனியாக ஒரு வேலை வைத்தார். அவர் சொன்னது எனக்கு மனப்பாடம். அழிந்துபோனதெல்லாம் எனக்கு மனப்பாடமாகத்தான் இருக்கிறது, குரல்தான் இல்லை. "மவளே, இங்கன ஒரு சூப்பர்வைசர் இருக்கான். காலையில அடுப்புப் பத்த வச்சதுலேர்ந்து கத்துறான். கத்துனா கத்திட்டுப் போறான், அதுல ஒரே மாதிரி இல்ல. ஒன்னு கடக்கரையில நின்னு கூப்புடுற மாதிரி, ஒன்னு கப்ப சங்கு மாதிரி, ஒன்னு வாலு மிதிபட்ட பூன மாதிரி. எந்தக் கத்துக்கு ஓடணும், எந்தக் கத்துக்கு நிக்கணும், எதுக்குச் சும்மா தலைய ஆட்டணும்னு வெளங்க மாட்டேங்குது. எல்லாத்துக்கும் 'எஸ் சார்'ங்குறேன். நேத்து அவன் கால்ல கொதி எண்ண பட்டுக் கத்திருக்கான், அதுக்கும் 'எஸ் சார்'னுட்டேன். நீதான் இங்கிலீஷ் படிக்கிறியே, டீச்சர்ட்ட கேட்டுச் சொல்லு."

அதுவரை என்னிடம் யாரும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள நினைத்ததில்லை. நான் மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு நடக்கவில்லை, பறந்தேன்.

எங்கள் இங்கிலீஷ் டீச்சர் பெயர் மெர்சி. ராமேஸ்வரம் தீவிலிருந்து வந்து எங்கள் ஊரில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர். பழுப்பு அட்டை போட்ட ஒரு அகராதி அவரிடம் உண்டு; அதைக் கைக்குழந்தை மாதிரி இடுப்போடு அணைத்துத்தான் தூக்கி வருவார். விஷயத்தைச் சொன்னதும், "கத்துறதுக்கா? எத்தனை வேணும்?" என்றார், ஜவுளிக்கடைக்காரர் தொனியில். ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் போட்டார். ஷௌட், யெல், ஹாலர், ஸ்க்ரீம், ஷ்ரீக், ஸ்க்ரீச், பெல்லோ, ரோர், ஹௌல், பாவ்ல். பத்து ஆயிற்று. வெள்ளைக்காரர்கள் இத்தனை விதமாகக் கத்துவார்கள் என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. அலறல், கதறல், கூப்பாடு, ஓலம், வீரிடல் என்று நம்மிடமும் வண்டி வண்டியாகக் கிடக்கிறது என்பதை நான் பத்து வருடம் கழித்துத்தான் கவனித்தேன். சொந்த வீட்டுச் சாமானை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்.

டீச்சர் சொல்லை மட்டும் கொடுக்கவில்லை, ஊரையும் சேர்த்துக் கொடுத்தார். ஷௌட் என்பது கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர் போடுவது; அதில் கோபம் இல்லை, கேட்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஹாலர் என்றால் வள்ளத்திலிருந்து கரைக்குக் கூப்பிடுவது, இழுத்து. பெல்லோ கப்பல் சங்கு, அல்லது மாடு. ரோர் ஆடி மாதத்துக் கடல். ஸ்க்ரீச் எண்ணெய் காணாத கிணற்று உருளை. ஸ்க்ரீமுக்கும் ஷ்ரீக்குக்கும் வித்தியாசம் கேட்டபோது கொஞ்சம் தடுமாறினார். "பல்லி பக்கத்துல விழுந்தா ஸ்க்ரீம். மேலயே விழுந்தா ஷ்ரீக்" என்று தீர்ப்புச் சொன்னார். இந்தப் பல்லி இலக்கணத்தை நான் இன்றுவரை என் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்; எந்த அகராதியும் அதை மிஞ்சவில்லை.

பத்தோடு அகராதியை மூடப்போனவர், ஏதோ ஞாபகம் வந்து, "இன்னொன்னு இருக்கு. வெய்ல்" என்றார். "அது எழவு வீட்ல. ராகம் போட்டு அழுவாங்கள்ல, அது."

"அந்த சூப்பர்வைசர் அப்படிக் கத்துவானா டீச்சர்?"

"எதுக்குக் கத்துறான்? கத்த மாட்டான். அது உங்க வாப்பாவுக்கு வேணாம். நீ பத்தோட நிறுத்திக்கோ."

நான் வகுப்பில் முதல் மாணவி. பத்துக்குப் பதினொன்று வாங்க வழியிருக்கும்போது பத்தோடு நிறுத்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் தெருவில் மரணம் நிகழ்ந்தால் குரலெடுத்து அழ மாட்டார்கள். சத்தம் போட்டு அழுதால் மய்யித்துக்கு, அதாவது இறந்தவருக்கு, வேதனை என்பார்கள். யாசீன் ஓதுகிற முணுமுணுப்பும் மூக்குறிஞ்சலும்தான் கேட்கும். ஆகவே பதினொன்றாவதற்கு எனக்கு வீட்டில் உதாரணம் இல்லை. நல்லவேளையாக, அப்படித்தான் அப்போது நினைத்தேன், ஒரு கல்யாணத்துக்கு அபிராமம் போகிற வழியில் ஒரு கிராமத்தில் பஸ் பஞ்சராகி நின்றது. ரோட்டோரமாகவே எழவு வீடு. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளில் தோள் சாய்த்து அழுதார்கள். ஒருத்தி முன்னால் இழுக்க, மற்றவர்கள் பின்னால் இறங்கினார்கள். டயர் மாற்றுகிற அரை மணி நேரமும் நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. கற்றுக்கொண்டேன்.

தெருவில் ஒருவர் தமாம் புறப்படுவதாக இருந்தது, ஞாயிற்றுக்கிழமை பயணம். நாங்கள் புதன்கிழமை, நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து தெரு அடங்கியிருந்த நேரத்தில் கேசட்டைப் போட்டோம். முதல் பக்கம் முழுக்க உம்மா. அப்புறம் கேசட்டைத் திருப்பிப் போட்டு, தம்பி விழுந்த பல்லின் வரலாற்றைச் சொன்னான். பிறகு நான்.

சொல்லைச் சொல்வேன், அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டுவேன், என்ன செய்ய வேண்டும் என்று உத்தரவும் கொடுப்பேன். "வாப்பா, இது யெல்! இதுக்கு ஓடணும்!" "வாப்பா, இது பெல்லோ! இதுக்கு ஓடாதீக, நின்னு கேளுங்க!" ஷ்ரீக்குக்கு மரியம் மாமி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என்னடி, பாம்பா?" என்று கேட்டார். அதுவும் பதிவாயிற்று. என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு சந்தோஷமாகக் கத்தியதில்லை. கத்தாதே என்று சொல்லியே வளர்க்கப்பட்ட ஒரு பெண்ணைக் கத்தச் சொல்லி சவுதியிலிருந்து கேட்டிருக்கிறார்கள். என்ன வேண்டும் இதற்கு மேல்?

பத்து முடிந்தபோது நாடா தீரப்போகிறது என்பது சக்கரத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மிச்சம் இருந்தது வால்தான். தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள், சின்னப்பிள்ளைதானே என்பீர்கள். எனக்குத் தெரியும். உம்மா பக்கத்தில் இருந்திருந்தால் நிறுத்தியிருப்பாள், அவள் அப்போது அடுப்படியில் இருந்தாள், இப்படித்தான் என் நினைவில் இருந்தது. பதினொன்றை எடுத்தேன். பஸ் சன்னலில் கற்ற அழுகையை, அந்த முன்னால் இழுக்கிற பெண்ணின் ராகத்தில், மூச்சு தட்டும் வரை இழுத்து, மறுபடி இழுத்து, "டக்" என்று பொத்தான் எழும்பும் வரை அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அதாவது எல்லோருக்கும் வந்தது. எங்களுக்குச் சனிக்கிழமையோடு நின்றுபோயிற்று.

தெருவில் மரியம் மாமி வீட்டில்தான் ஃபோன். லைன் சரியில்லை. தமாமிலிருந்து யாரோ சொல்ல, மாமியின் மாப்பிள்ளை இந்தப் பக்கம் திரும்பத் திரும்பக் கேட்டார். "ஹலோ! யாரு? கேக்கல! சத்தமாச் சொல்லுங்க! யாருக்கு? என்ன? மவுத்தா? அடுப்படியிலயா? மவுத்தாயிட்டாரா?" எங்கள் வீட்டு முற்றத்தில் உம்மா ஈரத் துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருவருடைய மரணத்தை அவர் மனைவிக்கு மெதுவாகச் சொல்ல வேண்டும் என்பார்கள். எங்களுக்கு அது சுவருக்கு மேலே கத்தித்தான் வந்தது. என் மூளை எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த நிமிஷத்திலும் அது "ஹாலர்" என்று குறித்துக்கொண்டது.

நெஞ்சுவலி என்றார்கள். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்; அப்போது அதுதான் நடைமுறை. ஆகவே எங்களுக்கு முகம் இல்லை, தொட உடம்பு இல்லை, மண் இல்லை. உம்மா வெள்ளை உடுத்தி இத்தாவில் உட்கார்ந்தாள். நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது. பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்து, "பொறும செய்யி புள்ள, சத்தம் வெளிய வரக் கூடாது, அவுகளுக்கு வேதன" என்றார்கள். அவர்கள் சொல்லியிருக்கவே வேண்டாம். உம்மாவிடம் சத்தம் எங்கே இருந்தது வெளியே வர?

மூன்றாம் நாள் ஃபாத்திஹா முடிந்து கொஞ்சம் பேர் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள். உம்மா என்னைப் பார்த்து, "அந்தப் பெட்டிய எடுத்தா" என்றாள். அவள் எதைத் தேடுகிறாள் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். உலகத்தில் இன்னும் வாப்பா இருக்கிற ஒரே இடம் அந்த வால். அது ஒரு நிமிஷம் இருக்கலாம், ஒன்றரை இருக்கலாம். அவள் நாடாவைப் பின்னால் சுற்றினாள். எவ்வளவு சுற்ற வேண்டும் என்பது அவள் விரலுக்குத் தெரியும். பொத்தானை அமுக்கிவிட்டு, எப்போதும்போல் ஒருக்களித்து உட்கார்ந்து, காதைக் கொடுத்தாள்.

என் அழுகை வந்தது.

குரலெடுத்து யாரும் அழக் கூடாத வீட்டில், மூன்றாம் நாளில், அந்த இயந்திரம் கூடத்து நடுவில் உட்கார்ந்துகொண்டு எழவு வீட்டு ராகத்தில் அழுதது. மரியம் மாமி துள்ளி எழுந்தார். "யா அல்லா! நிப்பாட்டு புள்ள அத! உசுரோட இருந்தவுகளுக்கு ஒப்பாரி வச்சிருக்கா பாரு இவ! மூணு நாளைக்கு முன்னாடியே வச்சிருக்கா!"

எல்லாக் கண்ணும் என் மேல் திரும்பின. எனக்கு அதுவரை தோன்றாத ஒன்று அப்போதுதான் தோன்றியது: நான் அழைத்துத்தான் அது வந்ததோ. பன்னிரண்டு வயதில் உள்ளே நுழைந்த அந்த எண்ணத்தோடு பிறகு எவ்வளவோ புத்தகங்களை வைத்து வாதாடிப் பார்த்துவிட்டேன். புத்தகங்கள் ஜெயிக்கும். அது போகாது.

மாமி பொத்தானை அமுக்கக் குனிந்தார். உம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடட்டும் மாமி" என்றாள்.

ஓடியது. மூச்சு தட்டி, மறுபடி எழும்பி, இழுத்து, "டக்" என்று நின்றது. உம்மா தலை நிமிராமல், என்னிடம், அவளுக்கே உரிய அந்தத் தரைக்குச் சொல்கிற குரலில் சொன்னாள்:

"நல்லாத்தான் அழுதுருக்க."

அது ஏச்சா, பாராட்டா, நன்றியா? முப்பத்தைந்து வருடமும் நான் அவளைக் கேட்கவில்லை. அவளும் அதற்குப் பிறகு கேசட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டேப் ரெக்கார்டரைத் தோலுறையில் போட்டு, பித்தானைப் பூட்டி, பரண் மேல் ஏற்றினாள். மெர்சி டீச்சர் அந்த வருடக் கடைசியில் மாற்றலாகிப் போகும்வரை எந்த வகுப்பிலும் அகராதியை அந்தப் பக்கத்தில் திறக்கவில்லை. நான் சத்தம் குறைந்த பெண்ணாகிவிட்டேன். மரியம் மாமிகூட, "இப்பத்தான் பொட்டப்புள்ள மாதிரி இருக்கா" என்றார்.

இப்போது ராமநாதபுரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு செருப்புக் கடை மாடியில், "ஸ்போக்கன் இங்கிலீஷ்" வகுப்பு நடத்துகிறேன். தொண்டியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் கடல் தாண்டப் போகிற பிள்ளைகள் வருகிறார்கள். எந்தக் கத்தலுக்கு ஓட வேண்டும், எதற்கு நிற்க வேண்டும் என்பதைத்தான் நான் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். விளம்பரப் பலகையில் அப்படிப் போட முடியாது. பத்துச் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறேன். வகுப்பு நடுவில் அவர்களுக்கு வீட்டிலிருந்து குரல் செய்தி வரும். ஒரு காதில் கேட்டுவிட்டு அதே நொடியில் பதில் பேசி அனுப்புகிறார்கள். யாரும் யார் மேலும் பேசுவதில்லை. எதுவும் அழிவதில்லை. ஆயிரக்கணக்கில் சேர்ந்து ஃபோன் நிரம்பிவிட்டது என்று சலித்துக்கொள்கிறார்கள். சத்தமாகவும் யாரும் பேசுவதில்லை. தூரத்துக்கும் சத்தத்துக்கும் இருந்த சம்பந்தம் ஊரிலிருந்தே போய்விட்டது.

போன வருடம் உம்மா மவுத்தானாள். அவள் குரலுக்கு ஏற்ற மாதிரி, பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூடத் தெரியாமல். பதினோரு சொல் தெரிந்த நான் ஒன்றையும் பயன்படுத்தவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு யாசீன் ஓதினேன். அலமாரியில் அவளுடைய வெள்ளைத் துப்பட்டிக்கு அடியில், மஸ்லின் துணியில் சுற்றி, அந்தக் கேசட் இருந்தது. பரண் மேல் இருந்த டேப் ரெக்கார்டர் துருவாகியிருந்தது. வாசனையும் இல்லை, மூக்கை வைத்துப் பார்த்தேன்.

பழைய கல்யாண வீடியோவையெல்லாம் பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்கிற ஒரு கடைக்காரர் ராமநாதபுரத்தில் இருக்கிறார். என் வயதுக்காரர். கேசட்டை ஓட்டி, கணினியில் பிடித்து, காதில் மாட்டுகிற கருவியை என்னிடம் நீட்டினார். முதல் பக்கத்தை நான் மறந்தே போயிருந்தேன். "நாந்தான்" என்றாள் உம்மா, முப்பது வயதுக் குரலில். ஆடு கத்தியது. மழை இல்லை. கிணற்றுத் தண்ணீர் உப்பேறிவிட்டது.

இரண்டாவது பக்கத்தில் தம்பியின் பல். அப்புறம் நான். பத்தாவது சத்தம் முடிந்து நான் மூச்சு வாங்குகிற இடைவெளியில், மிக அருகில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், உம்மா பேசினாள்:

"போதும் மவளே. அங்கன அவுக இருக்காக."

அடுப்படியில் இல்லை. பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். அது மட்டும் என்றால் என் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை என்றாவது சொல்லிக்கொள்ளலாம். நான் பதில் சொல்லியிருக்கிறேன். "இன்னொன்னே ஒன்னுதாம்மா! வாப்பா, இதுதான் கடைசி!" என்கிறது அந்தப் பெண். உம்மா பொத்தானை அமுக்கியிருக்கலாம். அமுக்கவில்லை. ரெண்டு மாதத்தில் அடுத்த கேசட் வரும், வேறு வால் கிடைக்கும், பிள்ளை ஆசைப்படுகிறாள் என்று நினைத்திருப்பாள். எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தோம். மூன்றாம் நாள் பெட்டியைக் கேட்டபோதும், அங்கே வால் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

நான் கருவியைக் கழற்றினேன். கடைக்காரரிடம், "இந்த அழுக சத்தத்துக்கு அடியில ஒரு ஆம்பளக் கொரல் இருக்கும். அத மட்டும் தனியா எடுக்க முடியுமா?" என்றேன்.

அவர் திரையில் ஓடுகிற கோடுகளைப் பெரிதாக்கிப் பார்த்தார். மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"மேல பேசிட்டா அடியில ஒன்னும் இருக்காது மேடம். அது துடைச்சிட்டுத்தான் எழுதும்" என்றார். பிறகு ஆறுதலாக, "வேணும்னா அந்தக் கத்துற புள்ளையோட சத்தத்தக் கொறச்சு, அந்த அம்மா கொரலக் கொஞ்சம் ஏத்தித் தரவா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன்.

இப்போது அது என் ஃபோனில் இருக்கிறது. சில நாள் மாலையில், வகுப்பு முடிந்து பெஞ்சுகளை ஒதுக்கிய பிறகு, போட்டுக் கேட்கிறேன். "நாந்தான்" என்பதிலிருந்து, ஆடு, மழை, பல், ஷௌட், யெல், பல்லி விழுகிற ஸ்க்ரீம், மேலேயே விழுகிற ஷ்ரீக், சுவருக்கு அந்தப் பக்கத்து மரியம் மாமி, எல்லாம். அதில் குரல் பதிந்தவர்களில் இன்று நானும் தம்பியும்தான் மிச்சம், ஆட்டைச் சேர்க்காமல். "அங்கன அவுக இருக்காக" என்று உம்மா சொன்னதும் நிறுத்திவிடுகிறேன்.

அங்கே யாரும் இல்லை. என் அழுகைதான் இருக்கிறது. வாப்பாவுக்காக எங்கள் வீட்டில் குரலெடுத்து அழப்பட்ட ஒரே அழுகை அது. அவர் உயிரோடு இருந்தபோது, வகுப்பில் முதல் மாணவி, சந்தோஷமாக அழுதது. இருந்தாலும் அதற்கு முன்னால் நிறுத்திவிடுகிறேன்.

வாலு இருக்கட்டும்.